ஒரே படத்தில் இரண்டு பச்சை

வரதராஜன்பேட்டையில் என் மாமா ஒருவர் இருக்கிறார். முந்திரித் தோப்பு வைத்திருக்கிறவர். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர் என்று ஆண்டிமடம் வரையில் பெயர். அவரை ஏமாற்ற வேண்டுமானால் சொல்லால் முடியாது. வர்ணத்தால்தான் முடியும் என்பதைச் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நிலத் தரகர் கண்டுபிடித்தார்.

தரகர் கொண்டுவந்தது ஒரு தேசப்படம். பெரம்பலூர், அரியலூர் பக்கத்தைக் காட்டுகிற, வர்ணம் வர்ணமான படம். அதில் ஏரிகள் நீலமாக இருந்தன, ஆறுகளும் நீலம். சாலைகள் சிவப்புக் கோடுகள். மேற்கே ஓரிடத்தில் நல்ல கரும்பச்சையாக ஒரு பட்டை, தெற்கும் வடக்குமாக நீண்டு கிடந்தது. தரகர் அதன் மேல் விரலை வைத்தார். "பார்த்தீங்களா அண்ணே, இங்கே வெளிர் பச்சை, இங்கே பச்சை, இங்கேதான் கரும்பச்சை. தண்ணீர் இல்லாமல் இந்தப் பச்சை வருமா?" என்றார்.

நீலம் தண்ணீர் என்றால், சிவப்பு சாலை என்றால், பச்சை பயிர்தானே? மாமாவின் தர்க்கத்தில் ஒரு பிழையும் கிடையாது. முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் இடத்தைப் பார்க்கப் போனார். இரண்டு பஸ் மாறி, காரை என்னும் கிராமத்துக்குப் பக்கம் போய் இறங்கினார்.

காரையைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே மழை நீர் அரித்து அரித்து, களிமண் மேடுகளும் ஓடைப் பள்ளங்களுமாக ஒரு விசித்திரமான நிலம் உண்டாகியிருக்கிறது. சந்திரனில் கொண்டுபோய் இறக்கிவிட்டது போல இருக்கும். களிமண்ணுக்கு நடுவே நரம்பு நரம்பாக ஜிப்சம் மின்னுகிறது. காலடியில் நத்தை போலச் சுருண்ட கல்லும், துப்பாக்கித் தோட்டா போன்ற கூரான கல்லும் கிடைக்கும். மேடுகளின் மேலே புல் முளைக்கவே யோசிக்கும். மாமா அங்கே ஒரு மணி நேரம் நின்றாராம். திரும்பி வந்து என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்:

"மாப்பிள்ளை, கதையெல்லாம் எழுதுறீங்களே. புல்லு முளைக்காத இடத்துக்கு எந்தப் படுபாவி பச்சை பூசினான்?"

கதை எழுதுகிறவனுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் படித்த படிப்பும் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்ட படிப்புதான். ஆனாலும் மாமாவின் கேள்வி என்னை விடவில்லை. தேடிக்கொண்டு போனேன். போன இடம் பெரம்பலூரில் நிற்கவில்லை. லண்டனுக்கும் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் அந்தப் படுபாவியைச் சொல்லிவிடுகிறேன். அவன் படுபாவி அல்லன், பரம சாது. பெயர் வில்லியம் ஸ்மித். 1769-ல் இங்கிலாந்தில் ஒரு கொல்லருடைய மகனாகப் பிறந்தவன். பெரிய படிப்புக் கிடையாது. நிலம் அளப்பதும் கால்வாய் வெட்டுவதற்கு மட்டம் பார்ப்பதும் தொழில். கால்வாய்க்காகப் பூமியை வெட்டுகிறபோது அவன் ஒன்றைக் கவனித்தான்: பாறைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய கல்லுருவங்கள் உண்டு, அதாவது கல்லாய்ச் சமைந்த சிப்பியும் நத்தையும். எந்த ஊரில் வெட்டினாலும் அடுக்கின் வரிசை மாறுவதில்லை. மேலே உள்ளது பிந்தியது, கீழே உள்ளது முந்தியது. இதைத் தெரிந்துகொண்ட மனிதன் சும்மா இருப்பானா? ஒற்றை ஆளாக இங்கிலாந்து முழுவதும் சுற்றி, 1815-ல் ஒரு படம் வெளியிட்டான். எட்டடிக்கு மேல் உயரம், ஆறடி அகலம். கையால் வர்ணம் தீட்டிய படம்.

வர்ண விஷயத்தில் ஸ்மித் செய்த யுக்தி இருக்கிறதே, அதில்தான் என் மாமாவின் முன்பணத்துக்கு வேர் இருக்கிறது. அவன் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு நிறம் கொடுத்தான். கூடியவரையில் பாறையின் சொந்த நிறத்துக்குப் பக்கமான நிறம். அதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் அடுக்கின் அடி விளிம்பிலும் அதே நிறத்தை அழுத்திப் பூசி, மேலே போகப் போகக் கரைத்துக்கொண்டே போனான். நிறம் என்ன பாறை என்பதைச் சொன்னது. நிறத்தின் அழுத்தம் எந்தப் பக்கம் அடி, எந்தப் பக்கம் முடி என்பதைச் சொன்னது. ஒரே வர்ணத்தில் இரண்டு செய்தி! தட்டையான தாளைப் பார்க்கிறவனுக்கு அடுக்குகள் ஒன்றன் கீழ் ஒன்று சரிந்து நுழைவது கண்ணிலே தெரிந்தது.

இங்கிலாந்தில் சாக் என்று ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் உண்டு. நம் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸின் முன்னோர். அதற்கு ஸ்மித் பச்சையைப் பூசினான். ஏன் பச்சை? வெள்ளைத் தாளில் வெள்ளையை எப்படிப் பூசுவது என்று அவன் விழித்திருக்க வேண்டும். இது என் ஊகம். கதை எழுதுகிறவனுக்கு இவ்வளவு உரிமையாவது கொடுங்கள்.

ஸ்மித்தின் பிற்காலத்தைச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு கேட்காது. லண்டனில் 1807-ல் பூகர்ப்ப சங்கம் ஒன்று கனவான்கள் சேர்ந்து ஏற்படுத்தினார்கள். அதன் முதல் தலைவர் கிரீனோ என்பவர். செல்வந்தர். கொல்லர் மகனுக்கு அந்தச் சங்கத்தில் இடமில்லை. சங்கம் தன் பங்குக்கு ஒரு படம் தயாரித்து, 1820-ல் வெளிக்கொணர்ந்தது. ஸ்மித்தோ அதற்கு முந்திய வருஷமே கடன்காரர்களுக்காகச் சிறை சென்றிருந்தான். பத்து வாரத்துக்கு மேல் உள்ளே இருந்து வெளியே வந்தபோது வீட்டுச் சாமான்கள்கூடப் பறிபோயிருந்தன. 1831-ல்தான் அதே சங்கம் அவனைக் கூப்பிட்டு, தன்னுடைய உல்லாஸ்டன் பதக்கத்தை முதன் முதலாக அவனுக்கு அளித்தது. பிராயச்சித்தம் என்று சொல்லலாம். அந்தக் கிரீனோவே கடைசிக் காலத்தில், இந்தியாவுக்கு ஒரு நாளும் வராமல், பிறர் எழுதிய குறிப்புகளை வைத்து இந்திய தேசத்துக்கு ஒரு பூகர்ப்பப் படம் போட்டார் என்பது வேறு வேடிக்கை.

வர்ணத்தைப் பற்றிய சண்டை இதற்குள் ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. ஒவ்வொரு சாஸ்திரிக்கும் ஒரு வர்ணம். ஒருவர் மஞ்சள் என்றது மற்றொருவருக்கு நீலம். ஜெர்மனியில் கெஃபர்ஸ்டைன் என்பவர் 1821-ல் தம் நாட்டுப் பூகர்ப்பப் படத்தை வெளியிட முனைந்தபோது, எந்தப் பாறைக்கு எந்த வர்ணம் என்று யோசனை சொன்னவர் யார் தெரியுமா? மகாகவி கெதே! 'ஃபாஸ்ட்' நாடகத்தின் ஆசிரியரேதான். அவர் வர்ணங்களைப் பற்றி 1810-லேயே ஒரு பெரிய சாஸ்திரம் எழுதிவைத்திருந்தார். எழுத்தாளர்கள் இந்த விஷயத்தில் தலையிடக் கூடாது என்று யாராவது என்னைச் சொன்னால், கெதேயைக் காட்டிவிடுவதாக இருக்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1840-களின் தொடக்கத்தில் சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த கே என்ற துரையும், கன்லிஃப் என்ற துரையும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் கல்லுருவங்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். அவை லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பண்டிதர் அவற்றைப் பார்த்து, இவை சாக் பாறையின் காலத்தவை என்று தீர்மானித்தார். அந்தக் காலத்துக்குக் 'கிரிட்டேஷியஸ்' என்று பெயர். லத்தீன் மொழியில் சுண்ணாம்புக்கு உள்ள சொல்லிலிருந்து 1822-ல் வந்த பெயர். பதினாலரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் தொடங்கி, ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் முடிந்த காலம் என்று இப்போது கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போது அரியலூர் கடலுக்குள் இருந்தது.

பிறகு 1857-ல் வந்து சேர்ந்தான் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறையைச் சேர்ந்தவன். வயது இருபத்து மூன்று. வடக்கே சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த வருஷத்தில், இந்தப் பையன் தென் ஆர்க்காட்டிலும் திருச்சி ஜில்லாவிலும் ஓடை ஓடையாக நடந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். நம் ஊர்ப் பெரியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! புதையல் தேடுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவன் கண்டது இது. மேற்கே பழம்பெரும் பளிங்குப் பாறைகள். அவற்றின் மேல் சாய்ந்தாற்போல, கிழக்கு நோக்கிச் சரிந்து, மூன்று கடல் அடுக்குகள். அடியில் உள்ளதற்கு ஊட்டத்தூர் என்று பெயர் வைத்தான். நடுவில் உள்ளதற்குத் திருச்சிராப்பள்ளி. மேலே உள்ளதற்கு அரியலூர். இவற்றுக்கும் கிழக்கே, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு செம்மண்ணும் மணற்கல்லும். அதற்குக் கடலூர் மணற்கல் என்று பெயரிட்டான். வரதராஜன்பேட்டையின் முந்திரித் தோப்பு அந்தக் கடலூர் மணற்கல்லின் மேலேதான் நிற்கிறது. ஆகவே மாமா தம் வீட்டிலிருந்து காரைக்குப் பஸ்ஸில் போனபோது, மேற்கே போகப் போகக் காலத்தில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார். டிக்கெட் என்னவோ சாதாரண டிக்கெட்தான்.

பிளான்ஃபோர்டின் நூல் 1862-ல் வெளிவந்தது. நம்முடைய சின்னஞ்சிறு ஊர்ப் பெயர்கள் உலகத்துப் பண்டிதர்களின் வாயில் புகுந்தது அப்போதுதான். உடல்நலம் கெட்டு அவன் அந்தத் துறையை விட்டு விலகிவிட்டான். பிற்பாடு வானத்தைப் பார்க்கப் போய், 1875-ல் இந்திய சர்க்காரின் முதல் வானிலை அதிகாரியானான். அரியலூர்ச் சிப்பிகளையும் நத்தைகளையும் வரிசைப்படுத்தி எழுதும் பெரும் பகுதி ஸ்டோலிக்ஸ்கா என்ற மொரேவியா நாட்டு இளைஞன் தலையில் விழுந்தது. 1873-க்குள் நான்கு பெரிய தொகுதிகளை முடித்தான். அடுத்த வருஷமே, யார்க்கண்டிலிருந்து திரும்புகிற வழியில், லடாக்கின் மலைப் பாதையில் இறந்துபோனான். முப்பத்தாறு வயது. லே நகரத்தில் அவனுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அரியலூரில் இருப்பதாக எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது வர்ணம். எல்லாரும் தனித்தனி வர்ணம் பூசிக்கொண்டிருந்தால் ஐரோப்பாவுக்கு ஒரே படம் போட முடியாது என்று கண்டு, 1881-ல் இத்தாலியில் பொலோனா நகரத்தில் உலகப் பூகர்ப்ப மாநாடு கூடியது. அங்கே தீர்மானம் செய்தார்கள். பழம்பெரும் பளிங்குப் பாறைக்கு ரோஜா நிறம். டிரயாஸ் காலத்துக்கு ஊதா. ஜுராசிக் காலத்துக்கு நீலம். கிரிட்டேஷியஸ் காலத்துக்குப் பச்சை. அதற்குப் பிற்பட்ட காலத்துக்கு மஞ்சள். ஒரே காலத்துக்குள் உட்பிரிவு வந்தால் பழையது அடர்ந்த நிறம், புதியது வெளிறிய நிறம். இன்றைக்கும் உலகத்து வழக்கம் ஏறக்குறைய இதுதான்.

இந்த விதியை நம் ஜில்லாக்களின் மேல் வைத்துப் பாருங்கள். பெரம்பலூருக்கு மேற்கே காடு மண்டிய மலை ஒன்று இருக்கிறது. பெயரே பச்சைமலை. அது பளிங்குப் பாறை; ஆகவே ரோஜா நிறம்! வரதராஜன்பேட்டையின் செக்கச் செவேல் என்ற மண், மஞ்சள்! புல் முளைக்காத காரை, மூன்று அடுக்கில் அடி அடுக்கு. ஆகவே பச்சையிலும் கரும்பச்சை! வயதைச் சொல்ல வந்த வர்ணத்தை மாமா வளத்தைச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். எவ்வளவு கிழடோ அவ்வளவு கரும்பச்சை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் குற்றம் முழுவதையும் அவர் மேல் போடுவதற்கில்லை. அந்தப் படத்தில் உண்மையிலேயே இரண்டு வர்ணக் கணக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. அடியில் சாதாரண நில அளவைப் படம். அதன் பாஷையில் நீலம் தண்ணீர், சிவப்பு சாலை, பச்சை காடு. அதன் மேல் பூகர்ப்பப் படம். அதன் பாஷையில் பச்சை ஒரு காலம், மஞ்சள் ஒரு காலம். இரண்டும் ஒரே தாளில் ஒரே சமயத்தில் பேசுகின்றன. போதாக்குறைக்குப் பூகர்ப்பப் படத்துக்குள்ளேயே இரட்டை வழக்கு: படிவுப் பாறைக்கு வயதைப் பார்த்து வர்ணம், நெருப்பில் பிறந்த பாறைகளுக்கு வயதை விட்டு, இனத்தைப் பார்த்து வர்ணம். ஒரே பந்தியில் சிலரை வயதுப்படியும் சிலரை உறவுப்படியும் உட்கார வைத்தால் கல்யாண வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும்.

சாஸ்திரிகளுக்கு இந்த அபாயம் தெரியாமல் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வர்ணத்தின் மேலும் ஓர் எழுத்தை அச்சடிப்பார்கள். கிரிட்டேஷியஸுக்குக் 'கே'. ஜெர்மன் மொழியில் சாக்குக்கு உள்ள சொல்லின் முதல் எழுத்து. ஓரத்தில் கட்டம் கட்டமாக ஒவ்வொரு வர்ணத்துக்கும் விளக்கம் போட்டிருப்பார்கள். இரண்டு கணக்கு இருந்தால் இரண்டு தனிக் கட்ட வரிசை. நம் தரகருடைய பிரதியில் அந்த ஓரம் இல்லை. பிரதி எடுத்தபோது தாள் போதவில்லையோ, கத்தரிக்கோல்தான் போதுமானதாக இருந்ததோ, அவருக்கே வெளிச்சம்.

அமெரிக்காவில் 1970-களில் ஜனத்தொகைக் கணக்கு இலாகா இதைவிடத் துணிச்சலாக ஒரு காரியம் செய்தது. இரண்டு வெவ்வேறு புள்ளிவிவரங்களை ஒரே படத்தில், இரண்டு வர்ண வரிசையாகப் போட்டு, ஒன்றோடொன்று கலக்கவும் விட்டது. நாலும் நாலும் குறுக்கே சேர்ந்து பதினாறு நிறம். பார்க்க ரத்தினக் கம்பளம் மாதிரி இருந்தது. 1980-ல் வெய்னர், ஃபிரான்கோலினி என்ற இருவர், ஜனங்களால் இதைப் படிக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள். படிக்க முடியவில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓரத்துக் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. பெரிது, சிறிது என்ற வரிசையைக் கண் கண்டுகொள்கிறது, வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் போகிற வரையில். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே எது பெரிது என்று கண்ணைக் கேட்டால், கண் என்ன செய்யும்? ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசமே சரியாகத் தெரியாது என்கிறார்கள். அந்தக் குறையை 1794-ல் விவரித்த ஜான் டால்டனுக்கே அது இருந்தது.

என் அண்ணன் மகன் ஒருவன் கம்ப்யூட்டரில் இந்த மாதிரிப் படங்கள் போடுகிறவன். அவனிடம் கேட்டேன். "ஜிஜிபிளாட் 2 என்று ஒன்று இருக்கிறது சித்தப்பா. ஒரு படத்தில் பூச்சுக்கு ஒரே ஒரு வர்ண அளவுகோல்தான் தரும். இரண்டாவது கேட்டால் முதலாவதைத் தூக்கி எறிந்துவிடும். வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு சேர்மானம் போட வேண்டும்" என்றான். யந்திரத்துக்கு இருக்கிற பயம் மனிதனுக்கு இல்லையே என்று தோன்றியது. "அப்படியானால் இரண்டு போடவே கூடாதா?" என்றேன். "போடலாம். ஒன்று தண்ணீர், இன்னொன்று பாறை என்று பார்த்தவுடனே தெரிகிற மாதிரி இருந்தால் போடலாம். இரண்டிலும் பச்சை வந்தால் செத்தோம்" என்றான். மாமாவின் கதை அவனுக்குத் தெரியாது.

இன்னொன்றும் நினைத்துக்கொண்டேன். வர்ணம் எவ்வளவு ஒழுங்காகப் பூசினாலும் மேல் தளத்தைத்தான் சொல்லும். கடலூர் மணற்கல்லின் அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அதற்காகத்தான் 1956-ல் நெய்வேலியில் கம்பெனி ஏற்பட்டது. ஜெயங்கொண்டம் பக்கமும் அது உண்டென்று கண்டு, 1990-களில் பல கிராமங்களில் நிலத்தை எடுத்தார்கள். சுரங்கம் மட்டும் வெட்டவில்லை. அங்கே முந்திரிக்கும் கரும்புக்கும் வைத்திருந்த நிலங்களைக் காகிதத்தில் வேறொரு பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்தவர்களை நான் அறிவேன். அவர்களுடைய மண்ணுக்கும் படத்தில் அதே சாதுவான மஞ்சள்தான்.

மாமாவுக்கு முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது. மீதிக்குப் பதிலாகக் காரையிலிருந்து எடுத்துவந்த நத்தைக் கல் ஒன்று அவர் வீட்டு ஜன்னல் மேடையில் இருக்கிறது. போன முறை போயிருந்தபோது நான் முழுப் படம் ஒன்று, ஓரத்துக் கட்டங்களோடு, கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் விரித்துப்போட்டு வெகு நேரம் பார்த்தார். மாதா கோயில் மணி அடித்தது. நிமிர்ந்து சிலுவை போட்டுக்கொண்டு, மறுபடியும் குனிந்தார்.

"நம்ம ஊர் என்ன வர்ணம், மாப்பிள்ளை?"

"மஞ்சள், மாமா."

"மஞ்சள்னா?"

கட்டத்தைப் பார்த்துப் படித்தேன். "மணற்கல், களிமண், கூழாங்கல்."

"அதான் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, படத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.